சாப்பிடாத நாலு இலைக்கும் சர்வீஸ் சார்ஜ் கட்டிய கதை

போன வருஷம் ஆவணியில் அப்பாவுக்கு எழுபது முடிந்தது. காலையில் குன்றக்குடி போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, மதியம் உறவுக்காரர்களை எல்லாம் ஒரே இடத்தில் உட்கார வைத்து ஒரு சாப்பாடு போடுவது, அவ்வளவுதான் திட்டம். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில், நான் ஒதுக்கி வைத்திருந்ததற்கு மேல் எட்டாயிரம் ரூபாய்க்குக் கூடுதலாகப் போனது. எதற்குப் போகிறது என்று தெரியாமலே போனது. அப்புறம் ஒவ்வொன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்டபோது, யாராவது ஒருத்தர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போகப் போகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் கணக்கோடு எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். அப்பாவின் எழுபதுக்கென்று ஒரு சீட்டு கட்டி, நாற்பதாயிரம் எடுத்து வைத்திருந்தேன். மண்டபம் பிடித்து சமையல்காரரை வைத்துச் செய்திருந்தால் இதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஒரு ஆசை. எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அப்பா சின்னப் பையனாக அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய் அந்த வீட்டின் இரண்டாங்கட்டில் வைத்துவிட்டு வருவாராம். பெரிய போஜன ஹாலை எட்டிப் பார்த்ததோடு சரி. இப்போது அந்த மாதிரி வீடுகள் பல ஊர்களில் ஹோட்டலாகியிருக்கின்றன. ஐயா வேலை பார்த்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அதே மாதிரி இன்னொரு வீட்டில், அந்தப் போஜன ஹாலில், அப்பாவை நடுவில் உட்கார வைத்து இலை போட வேண்டும் என்று நினைத்தேன். காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்தான். ஹோட்டல் பெயர் வேண்டாம்.

போனில் பேசினேன். "ஒரு இலைக்கு 1,200 மேடம், டாக்ஸ் தனி" என்றார் மேனேஜர். ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று எனக்குத் தெரியும். முப்பது பேருக்கு 36,000, வரி 1,800, ஆக 37,800. மீதி இரண்டாயிரத்துச் சொச்சம் பரிமாறுகிறவர்களுக்கு. கணக்கு சரியாக இருந்ததால் வேறு எதுவும் கேட்கவில்லை. முப்பது என்று சொல்லி 5,000 அட்வான்ஸ் அனுப்பினேன். இங்கேயே முதல் தப்பு நடந்துவிட்டது. நாம் வழக்கமாகப் போகிற ஹோட்டல்களில்தான் 5 சதவீதம். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்குகிற அறைகள் உள்ள தங்கும் விடுதிக்குள்ளேயே உணவகம் இருந்தால், அங்கே சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும். நாம் அங்கே தங்காவிட்டாலும், வெறும் சாப்பாட்டுக்குப் போனாலும் அதேதான். அது சட்டப்படி உள்ள வரி, ஹோட்டல்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 'டாக்ஸ் தனி' என்று ஒருவர் சொன்னால், எத்தனை சதவீதம் என்று அந்த நிமிஷமே கேட்டுவிட வேண்டும். நான் கேட்காததால் அதில் மட்டும் என் கணக்கு 4,680 ரூபாய் பிசகியது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்ததால் சைவம்தான். கவுனி அரிசியில் ஆரம்பித்து, வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல், வாழைப்பூக் கோலா, வெண்டைக்காய் மண்டி, மாங்காய்ப் பச்சடி, கடைசியில் பால் பணியாரம் என்று வந்துகொண்டே இருந்தது. அப்பாவுக்கு வலது கை லேசாக நடுங்கும். ரசத்தை இலையில் ஊற்றினால் குழித்து அள்ள வராது. யாரும் சொல்லாமலே, பரிமாறிய ஒரு பையன் அதைக் கவனித்திருக்கிறான். உள்ளே போய் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து, பாதிக்கு ரசம் ஊற்றி, அப்பாவின் இடது கைப் பக்கம் வைத்து, "மெதுவா குடிங்கய்யா, சூடா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனான். இருபது வயது இருக்கும். அந்த டம்ளரைப் பார்த்தபோதே இவன் கையில் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

எல்லோரும் முகப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கைப்பையோடு கவுன்டருக்குப் போனேன். பில்லை நீட்டினார்கள். சாப்பாடு 36,000. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 3,600. இரண்டையும் கூட்டி 39,600, அதற்கு 18 சதவீதம் 7,128. மொத்தம் 46,728. அட்வான்ஸ் போகக் கட்ட வேண்டியது 41,728. சாப்பாட்டுக்கென்று என் கையில் இருந்தது முப்பத்தைந்தாயிரம். காதெல்லாம் சூடாகிவிட்டது. சர்வீஸ் சார்ஜ் என்று ஒன்று உண்டு என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்றேன். "பத்துப் பேருக்கு மேல வந்தா ஆட்டோமேட்டிக்கா சிஸ்டமே சேத்துரும் மேடம், எடுக்க முடியாது" என்றார். அதே நேரம் பின்னால் ஒரு குடும்பம் பில் கட்டக் காத்திருந்தது. இந்த வீட்டில் அப்பா தலைநிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற நாளில், கவுன்டரில் காசுக்குச் சண்டை என்று அவர் காதில் விழக் கூடாது. அந்த ஒரு நினைப்பில் வாயை மூடிக்கொண்டேன். மகளின் காலேஜ் பீஸுக்கு வைத்திருந்த கணக்கிலிருந்து 6,728 ரூபாயை அங்கேயே நின்று அனுப்பினேன். ரகசிய எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். தம்பியைக் கூப்பிட்டிருக்கலாம், அத்தை மகன் அமெரிக்காவின் டாலஸிலிருந்து வந்திருந்தார், அவரைக் கேட்டிருக்கலாம். கூப்பிட்டுச் செய்கிறவள் நான், பணம் பற்றவில்லை என்று எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்த வெட்கம்தான் என்னை யோசிக்க விடாமல் செய்தது. பெரிய பில்லை ஒருவர் தனியாக நின்று கட்டப் போகக் கூடாது. கூட இன்னொருவர் நின்றால், ஒவ்வொரு வரியாகப் படித்துக் கேள்வி கேட்கிற தைரியம் வரும்.

வெளியே வந்ததும் அத்தானிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் ஆச்சரியமே படவில்லை. "எங்க ஊர்ல இது சாதாரணம். ஆறு பேரு, எட்டு பேருக்கு மேல போனா 18 பர்சென்ட், 20 பர்சென்ட் டிப்ஸ பில்லுலயே போட்டுருவாங்க. மெனு கார்டுலயே சின்னதா எழுதியிருக்கும்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டு, உலகம் முழுக்க இதுதான் முறை போலிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நம்பிவிட்டேன். பின்னால் அவரிடமே விவரமாகக் கேட்டபோதுதான் அங்கே கதையே வேறு என்று புரிந்தது. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்குகிற வேலையாட்களுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய அரசுக் கணக்குப்படி, மணிக்கு 2.13 டாலர்தான். 1991-லிருந்து அது ஏறவே இல்லை. சில மாநிலங்கள் தங்கள் அளவில் கூட்டி வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் பரிமாறுகிறவரின் வருமானத்தில் பெரும்பகுதி டிப்ஸ்தான். இருபது பேர் கூட்டமாக வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒன்றும் வைக்காமல் போனால், அவருக்கு அன்றைய பிழைப்பே போய்விடும். அதற்காகத்தான் கூட்டத்துக்குத் தானாகச் சேர்க்கிற பழக்கம். 2014 தொடக்கத்திலிருந்து, அப்படித் தானாகச் சேர்க்கிற தொகையை டிப்ஸ் என்று பார்க்காமல், சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று அங்கே வருமான வரித்துறை ஆக்கிவிட்டதாம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற அம்மா அப்பாக்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பில்லில் ஏற்கெனவே 18 சதவீதம் சேர்த்திருந்தாலும், கார்டு தேய்த்த பிறகு கையெழுத்துப் போடுகிற சீட்டில் 'டிப்' என்று ஒரு வரி காலியாக இருக்கும். முதலில் சேர்த்ததைப் பார்க்காமல் அதிலும் ஒரு தொகையை எழுதிவிட்டால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். அத்தானே போன புதிதில் அப்படி எழுதியிருக்கிறார்.

அன்றைக்கு நான் செய்ததும் அதேதான். சர்வீஸ் சார்ஜ் கட்டியாயிற்றே என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அந்த ரசம் டம்ளர் கண்ணிலேயே நின்றது. கிளம்புகிற அவசரத்தில் பையனைத் தேடினேன், காணவில்லை. வாசலில் நின்ற கேப்டனிடம், அதாவது பரிமாறுகிறவர்களுக்கு மேலே இருக்கிறவரிடம், கைப்பையில் வேறு செலவுக்கு வைத்திருந்த 1,500 ரூபாயைக் கொடுத்து, "எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். அத்தானும் தன் பங்குக்கு அவரிடமே இரண்டாயிரம் கொடுத்ததாக அப்புறம் சொன்னார். ராத்திரி வீட்டில் பில்லை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. சாப்பிட வந்தது இருபத்தாறு பேர். கோயம்புத்தூர் சித்தி வீட்டில் காய்ச்சல் என்று நாலு பேர் வரவில்லை. முப்பது என்று நான் சொல்லியிருந்ததால் முப்பது இலைக்குப் பணம் வாங்கியது நியாயம், சமைத்தாயிற்று. ஆனால் யாரும் உட்காராத, யாரும் பரிமாறாத அந்த நாலு இலைக்கும் பத்து சதவீதம் பரிமாறிய கூலி போட்டிருந்தார்கள். 480 ரூபாய்தான். அதற்கு மேல் வரி வேறு. மற்ற எல்லாவற்றையும் விட அந்த 480-தான் எனக்கு ஆறவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் கடையில் ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுக்க ஒரு பையன் வந்தான். நான் மெஷினில் கார்டை வைத்துக்கொண்டிருந்தேன். "நீங்க அன்னைக்கு முப்பது இலை சொன்னவங்கதானேக்கா? ஐயா நல்லா இருக்காங்களா?" என்றான். ரசம் டம்ளர் வைத்த அதே பையன். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். சர்வீஸ் சார்ஜில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்றேன். "அதுல எங்களுக்கு ஒண்ணும் வராதுக்கா. மாசச் சம்பளந்தான்" என்றான். நான் வாசலில் கொடுத்த பணத்தைக் கேட்டேன். கேப்டன் ஆளுக்கு நூறு கொடுத்தாராம், பரிமாறிய ஐந்து பேருக்கு. அத்தான் கொடுத்த இரண்டாயிரம் அவனுக்குத் தெரியவே தெரியாது. அப்போ இலை எடுத்தாங்களே ஒரு அம்மா, அவங்களுக்கு என்றேன். "அவங்க கான்ட்ராக்ட் ஆளுக்கா, அவங்களுக்கு இதுல சேராது." அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எழுதி முடியாது. 3,600-ம், அதன் வரியும், எங்கள் இரண்டு பேர் டிப்ஸ் 3,500-ம் சேர்த்தால் ஏழாயிரத்துக்கு மேல் வருகிறது. அவ்வளவும் பரிமாறியவர்களுக்கு என்ற பெயரில் எங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது. அவர்கள் கைக்குப் போனது ஐந்நூறு.

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குச் சொன்னவர், மனு டைப் அடிக்க என் கடைக்கு வருகிற ஒரு வக்கீல் குமாஸ்தா. 2022 ஜூலை 4-ஆம் தேதியே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு விதிமுறைகள் போட்டிருக்கிறது. ஹோட்டலோ உணவகமோ பில்லில் தானாக சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. கட்டித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது, விருப்பப்பட்டால் மட்டும் கொடுக்கலாம் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்டாதவர்களை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லக் கூடாது. சாப்பாட்டுத் தொகையோடு அதைச் சேர்த்து மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. போடவும் கூடாது. எனக்குக் கொடுத்த பில் இதில் பாதிக்கு மேல் மீறியிருந்தது. உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த மாதமே தடை வாங்கியிருந்தன. வழக்கு நடந்து, 2025 மார்ச் 28-இல் விதிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். நான் கவுன்டரில் கை நடுங்க நின்றது அந்தத் தீர்ப்பு வந்து ஐந்து மாதம் கழித்து. ஊரில் எத்தனையோ பேருக்கு மனு டைப் அடித்துக் கொடுக்கிற எனக்கே இது தெரிந்திருக்கவில்லை.

முதலில் மேனேஜருக்கு போன் செய்தேன். "ஹோட்டல் பாலிசி மேடம்" என்று வைத்துவிட்டார். அப்புறம் பில்லின் நகலோடு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதித் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. பத்து நாள் பார்த்துவிட்டு 1915-க்கு அடித்தேன். இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். ஹோட்டல் பெயர், பில் எண், தேதி, தொகை எல்லாம் கேட்டுப் பதிவு செய்து ஒரு புகார் எண் கொடுத்தார்கள். பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். இவர்கள் கோர்ட் மாதிரி தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை. நம் புகாரை எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தர முயற்சி செய்வார்கள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று வாரத்தில் அதே மேனேஜர் போன் செய்து 3,600 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். அதற்குப் போட்ட வரி 648-ஐ மட்டும், அரசாங்கத்துக்குக் கட்டியாயிற்று என்று தர மறுத்தார். கூடுதலாக வாங்கிய வரிக்கு அவர்கள் கிரெடிட் நோட், அதாவது பில் தொகையைக் குறைத்துக் காட்டுகிற சீட்டு, போட்டுச் சரிசெய்துகொள்ள வழி இருக்கிறது என்று ஒரு ஆடிட்டர் ஆபீஸ் பெண் சொன்னாள். இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. 1915-இல் முடியாவிட்டால் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்று அந்த விதிமுறையிலேயே இருக்கிறது. எங்களுக்கு சிவகங்கையில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்கு அங்கே கட்டணமே கிடையாது. ஒன்றே ஒன்று கவனம். புகாரில் வேலையாட்கள் சொன்ன எதையும் எழுதாதீர்கள். அந்தப் பையன் என்னிடம் சொன்னதில் ஒரு எழுத்துகூட என் கடிதத்தில் கிடையாது. பில் ஒன்றே போதும். நம் 3,600-க்காக ஒரு பிள்ளையின் வேலை போய்விடக் கூடாது.

கவுன்டரிலேயே நிற்கும்போது என்ன செய்திருக்கலாம் என்று பல பேர் கேட்டார்கள். சத்தம் போடத் தேவையில்லை. "சர்வீஸ் சார்ஜ் நான் கொடுக்க விரும்பல, அதை எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்று அமைதியாகச் சொன்னால் பல இடங்களில் எடுத்துவிடுகிறார்கள். சிஸ்டம் எடுக்காது என்றால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அப்போதும் முடியாது என்றால், கூட வந்தவர்களை வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்ய வேண்டாம். கட்டிவிட்டு, சர்வீஸ் சார்ஜ் தனி வரியாகத் தெரிகிற மாதிரி அச்சடித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த அச்சடித்த பில் இருந்ததால்தான் எனக்குப் பணம் திரும்பி வந்தது.

ஆட்கள் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முப்பது பேர் வருவார்கள் என்றால் முப்பது என்று உறுதி சொல்லக் கூடாது. நம் பக்கத்து உறவுகளில் கடைசி நேரத்தில் நாலு பேர் குறைவதும், சொல்லாமல் இரண்டு பேர் கூடுவதும் எப்போதும் நடக்கிறதுதான். இருபத்தைந்து உறுதி, கூட ஐந்து வரைக்கும் வரலாம் என்று பேசி வைப்பதுதான் நல்லது. எண்ணிக்கையை மாற்ற எத்தனை மணி வரைக்கும் நேரம் என்பதைக் கேட்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அரை ரேட்டா, இலையோடு வைக்கிற தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசா, வேன் டிரைவருக்குச் சாப்பாடு உண்டா என்பதெல்லாம் சின்னதுதான், ஆனால் முப்பதால் பெருக்கிப் பாருங்கள்.

இவ்வளவு நடந்த பிறகும், பரிமாறுகிறவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படிக் கொடுப்பது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டேன். அதற்கு யாரிடமும் போய்க் கற்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "குடுக்குறத கையில குடுக்கணும் ஆத்தா, பில்லுல எழுதி வாங்குனா அது குடுத்ததா ஆகுமா" என்றார். எங்கள் பக்கத்து விசேஷங்களில் இன்றைக்கும் அப்படித்தான். சமையல்காரருக்குப் பேசின கூலி தனி. கடைசிப் பந்தி முடிந்ததும் அவரையும் அவர் ஆட்களையும் கூப்பிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, வேட்டி துண்டு வைத்து, அதன் மேல் பணம் வைத்துக் கொடுப்பது தனி. அப்பா எப்போதும் இலை எடுக்கிறவர்களுக்கு முதலில் கொடுப்பார். அவர்கள் கடைசி வரைக்கும் நின்றுவிட்டுப் போவார்கள், யார் கண்ணிலும் பட மாட்டார்கள், அதனால் முதலில் அவர்கள் என்பார்.

இப்போது நான் கூட்டமாகப் போகிற இடங்களில் செய்வது இதுதான். பில்லில் சர்வீஸ் சார்ஜ் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சாப்பாட்டுத் தொகையில் ஐந்து சதவீதத்திலிருந்து ஏழு சதவீதம் வரை தனியாக எடுத்து வைக்கிறேன். அது என் வசதிக்கு ஏற்ற அளவு, சட்டமோ சம்பிரதாயமோ இல்லை. முதல் நாளே நூறு ரூபாய் நோட்டுகளாகவும் இருநூறு ரூபாய் நோட்டுகளாகவும் மாற்றி, சின்னக் கவர்களில் போட்டு வைத்துவிடுவேன். சாப்பிடும்போதே எத்தனை பேர் பரிமாறுகிறார்கள், இலை எடுப்பது யார், உள்ளே அடுப்படியில் எத்தனை பேர், பாத்திரம் கழுவுவது யார் என்று எண்ணிக்கொள்வேன். எல்லோர் கையிலும் நானே கொடுப்பேன். கேப்டனுக்கும் ஒரு கவர் உண்டு, ஆனால் மற்றவர்களின் பங்கு அவர் வழியாகப் போகாது. கவுன்டரில் இருக்கிற கியூஆர் கோடில் டிப்ஸ் சேர்த்து அனுப்பாதீர்கள், அது முதலாளி கணக்குக்குப் போகிற பணம். உறவுக்காரர்கள் ஆளுக்கு ஆள் தனியாகக் கொடுப்பதையும் தவிர்க்கிறோம். கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் முன்னாலேயே என்னிடம் தந்துவிடுவார்கள், எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கவர் போடுவோம். நாலு பேர் போய்ச் சாப்பிடுகிற மெஸ்ஸில் இதெல்லாம் தேவையே இல்லை. அங்கே பத்தோ இருபதோ வைத்தால் சந்தோஷம், வைக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்கப் போனால், கதவைத் திறந்து காட்டுகிற காவல்காரருக்கு ஐம்பதோ நூறோ மறக்காமல் கொடுங்கள். பல வீடுகளில் அவர் ஒருவர்தான் அந்த ஆத்தங்குடி டைல்ஸ் தரையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறார்.

போன தை மாதம் தம்பி மகளின் காதுகுத்துக்கு இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு காரைக்குடியிலேயே ஒரு ஹோட்டலுக்குப் போனோம். அதற்கு ஒரு வாரம் முன்பு நான் அந்த ஹோட்டலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை இங்கே போடுகிறேன், வேண்டியவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். "வணக்கம். ஞாயிறு மதியம் 20 பேர் உறுதி, 3 பேர் வரை கூடலாம். ஒரு இலைக்கு என்ன விலை, அதில் என்னென்ன வரும்? ஜி.எஸ்.டி. 5 சதவீதமா, 18 சதவீதமா? சர்வீஸ் சார்ஜ் போட வேண்டாம், உங்கள் ஆட்களுக்கு நாங்களே கையில் கொடுத்துவிடுவோம். தண்ணீர் பாட்டிலுக்குத் தனியாக உண்டா? எண்ணிக்கை மாற்ற எப்போது வரை நேரம்? இதற்குப் பதில் எழுதிவிட்டால் அட்வான்ஸ் அனுப்புகிறேன்." அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. பில்லும் அதே கணக்கில் வந்தது. அன்றைக்கு ஒன்பது கவர் கொண்டு போயிருந்தேன். முதல் கவரை அப்பா வாங்கிக்கொண்டு, இலை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனார். அந்த அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டு, "சாப்பாடு நல்லாருந்துச்சாய்யா?" என்று அவரைக் கேட்டார்.